இணைய வகுப்பில் பாடக் கோப்புகள்: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மூடுல், கூகுள் கிளாஸ்ரூம், கேன்வாஸ் போன்ற கற்றல் தளங்களில் பாடம் எடுப்பவர்களுக்காக இந்தப் பக்கம். கோப்பை ஏற்றுவதில் பெரும்பாலும் யாருக்கும் கஷ்டம் இருப்பதில்லை. அதற்கு அப்புறம்தான் சிக்கல் வருகிறது. எது புதிய பதிப்பு, யார் பார்க்கலாம், மாணவரின் போனில் திறக்குமா, அடுத்த பருவத்தில் எங்கே தேடுவது என்று கேள்விகள் வரிசையாக வந்து நிற்கும். கீழே உள்ள பதில்களில் திரும்பத் திரும்ப ஒரே பழக்கத்தைத்தான் வற்புறுத்துகிறேன். ஒரு கோப்பு ஓர் இடத்தில்தான் இருக்க வேண்டும். மற்ற இடங்களில் அதற்கான இணைப்பு இருந்தால் போதும்.

கோப்பைத் தளத்திலேயே ஏற்றுவதா, கூகுள் டிரைவில் வைத்துவிட்டு இணைப்பைக் கொடுப்பதா?

யார் பார்க்கலாம் என்பதை எந்த இடம் முடிவு செய்கிறது என்பதில்தான் வித்தியாசம். மூடுலில் நேரடியாக ஏற்றிய கோப்பை யாராவது திறக்கும்போது, அவர் அந்த வகுப்பில் சேர்ந்தவரா, அந்தப் பாடம் அவருக்குத் திறந்திருக்கிறதா என்று தளம் ஒவ்வொரு முறையும் சரிபார்க்கும். முகவரியை நகலெடுத்து வெளியாளுக்கு அனுப்பினாலும் உள்நுழைவுப் பக்கம்தான் வரும். டிரைவ் இணைப்பு அப்படி இல்லை. அதன் அனுமதி டிரைவில் தனியாக இருக்கிறது. உங்கள் வகுப்பில் யார் இருக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. ‘இணைப்பு உள்ள எவரும்’ என்று வைத்தால் உண்மையிலேயே எவரும் பார்க்கலாம்.

அதனால் நான் சொல்வது இதுதான்: முடிந்துபோன, இனி மாறாத கோப்புகளைத் தளத்தில் ஏற்றுங்கள். பழைய வினாத்தாள், பயிற்சித்தாள், படிவம் போன்றவை இந்த வகை. வாராவாரம் மாறும் பாடத்திட்டம், பல பேர் சேர்ந்து எழுதும் ஆவணம் ஆகியவற்றை டிரைவில் வைத்து இணைப்பைக் கொடுங்கள். வீடியோவுக்குத் தனி வழி உண்டு, கீழே வருகிறது.

ஒரே குறிப்பை மூன்று வகுப்புகளுக்குப் போட வேண்டும். மூன்று முறை ஏற்றினால் என்ன?

இடம் வீணாகும் என்று கவலைப்படுகிறீர்கள் என்றால், மூடுலில் அந்தக் கவலை வேண்டாம். 2010 நவம்பரில் வந்த மூடுல் 2.0 கோப்புகளைச் சேமிக்கும் முறையையே மாற்றியது. அதற்கு முன்பு ஒவ்வொரு வகுப்புக்கும் தனிக் கோப்பறை இருந்தது. 2.0 முதல், கோப்பின் உள்ளடக்கத்தை வைத்து ஒரு அடையாளக் குறியீடு கணக்கிடப்படுகிறது. கோப்பு அந்தக் குறியீட்டின் பெயரில் பொதுக் கிடங்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அச்சு அசலாக ஒரே கோப்பை நீங்கள் மூன்று வகுப்பில் ஏற்றினாலும், வேறு வேறு பெயரில் ஏற்றினாலும், சர்வரில் இருப்பது ஒரு பிரதிதான்.

உண்மையான பிரச்சினை திருத்தும்போது வருகிறது. ஏழாம் பக்கத்தில் ஒரு சூத்திரம் தப்பு என்று தெரிகிறது. ஒரு வகுப்பில் மாற்றுகிறீர்கள், இரண்டாவதில் மாற்றுகிறீர்கள், அதற்குள் யாரோ கூப்பிடுகிறார்கள். மூன்றாவது வகுப்பு மாணவர்கள் தப்பான சூத்திரத்தோடு தேர்வு எழுதப் போவார்கள். ஒரு பிள்ளை கூட அப்படிப் போகக் கூடாது.

மூடுலில் இதற்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. முதலில் கோப்பை உங்கள் ‘தனிப்பட்ட கோப்புகள்’ பகுதியில் ஏற்றுங்கள். வகுப்பில் சேர்க்கும்போது கணினியிலிருந்து பதிவேற்றாமல், அந்தத் தனிப்பட்ட கோப்புகளிலிருந்து தேர்ந்தெடுங்கள். அப்போது நகல் எடுக்கவா, குறுக்குவழி உருவாக்கவா என்று கேட்கும். குறுக்குவழியைத் தேர்ந்தெடுத்தால், மூலத்தை மாற்றிய உடனே எல்லா வகுப்பிலும் மாறிவிடும். கிளாஸ்ரூமில் டிரைவ் கோப்பை இணைத்தால் இயல்பாகவே அப்படித்தான். எத்தனை வகுப்பில் போட்டாலும் அவை ஒரே கோப்பையே காட்டும்.

திருத்திய பதிப்பை ஏற்றினேன். மாணவர்களுக்குப் பழையதுதான் தெரிகிறது. ஏன்?

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். முதலாவது, நீங்கள் புதியதாக ஒன்றைச் சேர்த்திருப்பீர்கள், பழையதும் பக்கத்திலேயே இருக்கும். இரண்டாவது, மூடுலில் கோப்பை இழுத்துப் போட்ட பிறகு ‘மாற்றங்களைச் சேமி’ என்பதை அழுத்தாமல் வெளியே வந்திருப்பீர்கள். அதை அழுத்தும் வரை கோப்பு ஒரு தற்காலிக இடத்தில்தான் இருக்கும். வகுப்புக்குள் வரவே வராது. மூன்றாவது, மாணவர் முன்பே பதிவிறக்கி வைத்ததைத் திறந்து பார்க்கிறார். போனில் பதிவிறக்கிய பிடிஎஃப் தானாக மாறாது.

மூன்றாவதற்குத் தொழில்நுட்பத்தில் மருந்து கிடையாது, சொல்லித்தான் ஆக வேண்டும். ‘திருத்திய குறிப்பு ஏற்றப்பட்டுள்ளது’ என்று மட்டும் எழுதினால் மாணவர் நாற்பது பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கப் போவதில்லை. ‘பக்கம் 7, இரண்டாவது சூத்திரத்தில் கூட்டல் குறி கழித்தல் குறியாக மாற்றப்பட்டுள்ளது, மற்றதில் மாற்றம் இல்லை’ என்று எழுதுங்கள். புதிதாகப் பதிவிறக்காதவர் கூட பேனாவால் திருத்திக்கொள்வார்.

டிரைவில் இருக்கும் பிடிஎஃப் என்றால், பழையதை நீக்கிப் புதியதை ஏற்றாதீர்கள், இணைப்பு மாறிவிடும். அந்தக் கோப்பின் பட்டியலில் ‘பதிப்புகளை நிர்வகி’ என்று இருக்கும், அதற்குள் புதிய பதிப்பை ஏற்றுங்கள். இணைப்பு அதேதான் இருக்கும். பழைய பதிப்பை டிரைவ் 30 நாள் வைத்திருக்கும். அதற்கு மேலும் வேண்டுமென்றால் நிரந்தரமாக வைக்கச் சொல்லிக் குறித்துவிடலாம்.

கோப்புக்கு எப்படிப் பெயர் வைப்பது?

‘குறிப்பு’, ‘குறிப்பு புதியது’, ‘குறிப்பு கடைசி’, ‘குறிப்பு கடைசி திருத்தியது’ என்று நான்கு கோப்புகள் இருந்தால் எது கடைசி என்று வைத்தவருக்கே தெரியாது. பாடம், அலகு, உள்ளடக்கம், இந்த வரிசையில் வையுங்கள்: ‘இயற்பியல்_அலகு03_ஒளிவிலகல்_பயிற்சி’ என்று. எண்ணை 3 என்று எழுதாமல் 03 என்று எழுதினால் பட்டியலில் 10 வந்து 2க்கு முன்னால் நிற்காது. தேதி சேர்ப்பதானால் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் சேருங்கள். அகரவரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும்.

மாணவருக்குக் கொடுக்கும் கோப்பின் பெயரில் பதிப்பு எண் வேண்டாம் என்பது என் கருத்து. பதிப்பு எண் உங்கள் வேலைக் கோப்புறையில் இருக்கட்டும். மாணவர் பார்ப்பது எப்போதும் ஒரே பெயர், எப்போதும் நடப்புப் பதிப்பு.

தமிழில் பெயர் வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம், இரண்டு விஷயங்களை நினைவில் வைத்துக்கொண்டு.

ஒன்று நீளம். பெரும்பாலான சர்வர்கள் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடுகின்றன. அங்கே கோப்புப் பெயரின் உச்ச நீளம் 255 பைட்டுகள். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். ‘கோப்பு’ என்ற சொல்லைப் பாருங்கள். நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு க, ஓகாரக் குறி, ப, புள்ளி, ப, உகாரக் குறி என்று ஆறு குறிகள், ஆக 18 பைட்டுகள். முழு வாக்கியத்தைப் பெயராக வைத்தால் வரம்பைத் தொடுவது சுலபம். விண்டோஸில் கோப்புறைப் பாதை முழுவதும் சேர்த்து 260 எழுத்து என்ற பழைய வரம்பு வேறு இருக்கிறது. கோப்புறைக்குள் கோப்புறையாக ஜிப்பில் (பல கோப்புகளை ஒரே கோப்பாகச் சுருக்கும் முறை) கட்டி அனுப்பினால், விரிக்கும்போது பிழை வருவது பெரும்பாலும் இதனால்தான்.

இரண்டாவது, ஜிப். பழைய மென்பொருளில் கட்டிய ஜிப்பைத் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் குப்பையாகத் தெரியும். உள்ளே இருக்கும் கோப்பு நன்றாகத்தான் இருக்கும், பெயர் மட்டும் சிதைந்திருக்கும். பொதுவாகவே மாணவருக்கு ஜிப் வேண்டாம் என்பேன். போனில் பார்ப்பவருக்கு அதைத் திறப்பது ஒரு தனி வேலை.

மூடுலில் கோப்பு, கோப்புறை, பக்கம், இணைப்பு என்று பல வகை இருக்கிறதே, எதைப் பயன்படுத்துவது?

மாணவர் அச்செடுக்கவோ எடுத்துச் செல்லவோ வேண்டியது என்றால் கோப்பு. சேர்ந்தே பயன்படும் பல கோப்புகள் என்றால் கோப்புறை. மாணவர் மொத்தமாகப் பதிவிறக்கும் வசதியும் அதில் உண்டு. ஆனால் ஐந்து அலகுகளின் குறிப்பையும் ஒரே கோப்புறையில் கொட்டி வைப்பது நல்லதல்ல. எந்த வாரம் எதைப் படிக்க வேண்டும் என்ற வரிசை அங்கே தொலைந்துவிடும்.

‘பக்கம்’ என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். இரண்டு பத்தி விளக்கத்தை வேர்டில் தட்டச்சு செய்து, பிடிஎஃப் ஆக்கி, ஏற்றி, மாணவரைப் பதிவிறக்க வைக்கிறோம். அதே இரண்டு பத்தியைப் பக்கமாக எழுதினால் போனின் திரைக்குத் தக்கபடி எழுத்து மடங்கி வரும், பெரிதாக்கி இடமும் வலமும் தள்ளிப் படிக்க வேண்டாம். திருத்துவதும் அங்கேயே முடிந்துவிடும்.

கோப்பு ஏறவே மாட்டேன் என்கிறது. அளவு வரம்பை எங்கே மாற்றுவது?

ஆசிரியர் மாற்றக்கூடியது கொஞ்சம்தான். மூடுலில் வரம்பு பல அடுக்காக இருக்கிறது. சர்வரின் பிஎச்பி (மூடுல் எழுதப்பட்டிருக்கும் நிரல்மொழி) அமைப்பு, தள அமைப்பு, வகுப்பு அமைப்பு, குறிப்பிட்ட செயல்பாட்டின் அமைப்பு என்று நான்கு. இவற்றில் எது சிறியதோ அதுதான் செல்லும். வகுப்பு அமைப்பில் போய் 100 எம்பி என்று வைக்கப் பார்த்தால் பட்டியலில் அந்த எண்ணே இருக்காது, ஏனென்றால் மேலே சர்வர் அனுமதித்திருப்பது அதைவிடக் குறைவு. பிஎச்பி நிறுவியபடியே விட்டுவிட்டால் ஒரு கோப்புக்கு 2 எம்பி, ஒரு முறை அனுப்பும் மொத்தத்துக்கு 8 எம்பி, அவ்வளவுதான். அட்மினிடம் கேட்கும்போது ‘கோப்பு ஏறவில்லை’ என்று மட்டும் சொல்லாமல், பிஎச்பியின் இந்த இரண்டு வரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். வேலை சீக்கிரம் முடியும்.

அதற்கு முன்னால், கோப்பு அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டுமா என்றும் பார்த்துவிடுங்கள்.

கையெழுத்துக் குறிப்பைப் படம் எடுத்துப் பிடிஎஃப் ஆக்கினால் 80 எம்பி வருகிறது. எப்படிக் குறைப்பது?

போன் கேமராவில் ஒரு படம் சுமார் 3 அல்லது 4 எம்பி. இருபது பக்கத்துக்கு அந்தக் கணக்குதான் வரும். கேமராவால் எடுக்காமல் ஸ்கேன் செயலியால் எடுங்கள். அது ஓரத்தை வெட்டி, நிழலை நீக்கி, கறுப்பு வெள்ளையாக மாற்றும். அதே இருபது பக்கம் சில எம்பிக்குள் அடங்கிவிடும், படிக்கவும் தெளிவாக இருக்கும். ஸ்கேனர் இயந்திரம் என்றால் அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில் வண்ணத்தில் எடுக்க வேண்டிய தேவை எழுத்துக்கு இல்லை. அந்த அடர்த்தியில் ஒரு ஏ4 பக்கம் 2480க்கு 3508 படப்புள்ளிகள், ஏறத்தாழ 87 லட்சம். வண்ணம் என்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று பைட் கணக்கு. சாம்பல் நிறத்தில் 150 அல்லது 200 அடர்த்தி போதும். வரைபடம், நுண்ணோக்கிப் படம் போன்றவற்றுக்கு மட்டும் வண்ணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்தவுடன் ஒரு காரியம் செய்யுங்கள். வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில், உங்கள் போனிலேயே அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். மாணவரின் அனுபவம் என்னவென்று அப்போதுதான் தெரியும்.

வகுப்புப் பதிவு வீடியோவைத் தளத்தில் ஏற்றலாமா?

வேண்டாம். நொடிக்கு 2 மெகாபிட் வீதம் பதிவான ஒரு மணி நேர வீடியோ ஏறக்குறைய 900 எம்பி. பாடத்தளம் அதைப் பெரிய கோப்பாக மட்டுமே கையாளும். வீடியோ தளங்களோ அதைப் பல தரத்தில் மாற்றி வைத்துக்கொண்டு, பார்ப்பவரின் இணைய வேகத்துக்கு ஏற்ற தரத்தைத் தானாகக் கொடுக்கும். எனவே வீடியோவை அங்கே ஏற்றி, வகுப்பில் இணைப்பையோ, அந்தப் பக்கத்திலேயே வீடியோ ஓடும்படி உட்பொதிந்த சட்டகத்தையோ வையுங்கள்.

யூடியூபில் ‘பட்டியலிடப்படாதது’ என்று வைத்தால் தேடலில் வராது, ஆனால் இணைப்பு கிடைத்த யாரும் பார்க்கலாம். ‘தனிப்பட்டது’ என்றால் நீங்கள் அழைத்த கணக்குகள் மட்டும். பாடம் நடத்திய பதிவுக்கு முதலாவது போதும். மாணவர்களின் முகமும் குரலும் உள்ள பதிவை இணைப்பு கிடைத்த எவரும் பார்க்கும்படி வைக்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விளக்கம் முழுவதும் பேச்சில் இருக்கும் பாடமானால், ஒலியை மட்டும் தனியாகக் கொடுத்துப் பாருங்கள். நொடிக்கு 64 கிலோபிட் வீதம் ஒரு மணி நேர ஒலி 29 எம்பிதான். டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் மாணவருக்கு 900க்கும் 29க்கும் உள்ள வித்தியாசம், பாடம் கிடைப்பதற்கும் கிடைக்காமல் போவதற்கும் உள்ள வித்தியாசம்.

என் கணினியில் தமிழ் சரியாகத் தெரிகிறது, மாணவரின் போனில் புரியாத எழுத்தாக வருகிறது. என்ன செய்வது?

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ஆவணமாக இருக்கும். அவற்றில் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துக் குறிகள். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வடிவத்தை வரைகிறது. அந்த எழுத்துரு இல்லாத கருவியில் ஆங்கிலமே தெரியும். நிரந்தரத் தீர்வு, ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனிக் குறி தரும் யூனிகோடுதான். பழைய ஆவணங்களை மாற்றித் தரும் எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு முறை முழுவதும் படித்துப் பாருங்கள், கொம்பும் காலும் சில இடங்களில் இடம் மாறி நிற்கும்.

‘பிடிஎஃப் ஆக்கிவிட்டால் சரியாகிவிடுமே’ என்பார்கள். எழுத்துருவை உள்ளே பொதிந்து பிடிஎஃப் ஆக்கினால் கண்ணுக்குச் சரியாகத் தெரியும், அவ்வளவுதான். அதில் ‘ஒளிச்சேர்க்கை’ என்று தேடினால் கிடைக்காது. ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் குப்பை வரும். பார்வையற்ற மாணவர் திரைவாசிப்பானால் கேட்டால், அர்த்தமில்லாத எழுத்துகள்தான் காதில் விழும்.

பார்வையற்ற மாணவர் ஒருவர் என் வகுப்பில் சேர்ந்திருக்கிறார். கோப்புகளை எப்படித் தயாரிப்பது?

அவர் வரும்வரை காத்திருக்காமல் எப்போதும் இப்படியே தயாரிப்பது நல்லது. இதனால் மற்ற மாணவர்களுக்கும் பலன்தான்.

யூனிகோடு எழுத்து இருந்தால் என்விடிஏ போன்ற இலவசத் திரைவாசிப்பான்கள் தமிழைப் படித்துக் காட்டும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் அதற்கு வெறும் படம், ஒரு சொல்லும் வராது. அந்த பிடிஎஃபை டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால், அச்சு எழுத்தாக இருக்கும்பட்சத்தில் தமிழ் எழுத்தைப் பிரித்தெடுத்துக் கொடுக்கும். பிழை இருக்கும், திருத்த வேண்டியிருக்கும். ஆனாலும் முதலிலிருந்து தட்டச்சு செய்வதைவிட எவ்வளவோ மேல்.

தலைப்புகளை எழுத்தைத் தடிமனாக்கி மட்டும் காட்டாமல், வேர்டில் உள்ள தலைப்புப் பாணியைக் கொடுத்து எழுதுங்கள். திரைவாசிப்பான் பயன்படுத்துபவர் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவிச் செல்வது அதை வைத்துத்தான். படங்களுக்கு மாற்று உரை (படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் படிக்கும் விளக்கம்) எழுதும்போது ‘படம் 4’ என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். ‘குவிவில்லை வழியாகச் செல்லும் மூன்று இணைகதிர்கள் மறுபுறம் ஒரு புள்ளியில் கூடுகின்றன’ என்று, அந்தப் படம் எதைச் சொல்ல வந்ததோ அதை எழுதுங்கள். இணைப்புகளுக்கு ‘இங்கே சொடுக்கவும்’ என்ற பெயர் வேண்டாம். அவர் இணைப்புகளை மட்டும் பட்டியலாகக் கேட்கும்போது, அதே சொல் பத்து முறை வரும்.

டிரைவ் இணைப்பைத் திறந்தால் மாணவர்களுக்கு ‘அணுகல் தேவை’ என்று வருகிறதாம். எனக்கு நன்றாகத் திறக்கிறதே?

உங்கள் கோப்பு, உங்களுக்குத் திறக்கத்தான் செய்யும். மறைநிலைச் சாளரத்தில், எந்தக் கணக்கிலும் உள்நுழையாமல், அந்த இணைப்பைத் திறந்து பாருங்கள். அங்கே திறந்தால் உலகத்துக்கே திறக்கும். திறக்கவில்லை என்றால், ‘உங்கள் நிறுவனத்தில் உள்ளவர்கள்’ என்று பகிர்ந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அப்படியானால் மாணவர் நிறுவனக் கணக்கில்தான் நுழைய வேண்டும். போனில் சொந்தக் கணக்கு ஏற்கெனவே திறந்திருப்பதால்தான் பெரும்பாலும் இந்தச் செய்தி வருகிறது. கணக்கை மாற்றித் திறக்கும் வழியை ஒரு முறை வகுப்பில் செய்து காட்டிவிட்டால், பருவம் முழுக்க வரும் அனுமதிக் கோரிக்கை மின்னஞ்சல்கள் குறையும்.

கிளாஸ்ரூமில் கோப்பை இணைக்கும்போது மூன்று தெரிவுகள் வருகின்றன. எது எப்போது?

‘மாணவர்கள் பார்க்கலாம்’ என்பது குறிப்புகளுக்கு. ‘திருத்தலாம்’ என்பது எல்லோரும் ஒரே ஆவணத்தில் எழுதும் குழு வேலைக்கு மட்டும். தவறுதலாக இதைக் கொடுத்துவிட்டால் ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழிக்க முடியும். ‘ஒவ்வொருவருக்கும் ஒரு நகல்’ என்பது பயிற்சித்தாளுக்கு. இந்த மூன்றாவதைப் பணியை வெளியிடுவதற்கு முன்பே தேர்ந்தெடுக்க வேண்டும், வெளியிட்ட பிறகு மாற்ற வழியில்லை. எனவே வெளியிடும் பொத்தானுக்கு முன் அந்த ஒரு வரியை மட்டும் இன்னொரு முறை பாருங்கள்.

விடைக்குறிப்பை இப்போதே ஏற்றி, தேர்வுக்குப் பிறகு தெரியும்படி வைக்க முடியுமா?

மூடுலில் முடியும். ‘அணுகலைக் கட்டுப்படுத்து’ என்ற பகுதியில் தேதியும் நேரமும் கொடுக்கலாம். பயிற்சியைச் சமர்ப்பித்தவருக்கு மட்டும் திறக்கும்படியும், குறிப்பிட்ட குழுவுக்கு மட்டும் திறக்கும்படியும் வைக்கலாம். நிபந்தனையின் பக்கத்தில் உள்ள கண் குறியை மூடிவிட்டால், அப்படி ஒன்று இருப்பதே மாணவருக்குத் தெரியாது. தளத்தின் நேர மண்டலம் சரியாக இருக்கிறதா என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

டிரைவ் இணைப்பை இப்படி மறைத்து வைப்பது வேறு கதை. வகுப்பில் இணைப்பு மறைந்திருக்கலாம். கோப்போ டிரைவில் திறந்தே இருக்கிறது. அதே பகிரப்பட்ட கோப்புறைக்குள் விடைக்குறிப்பையும் வைத்திருந்தால், மாணவர் ஒரு படி மேலே போய்ப் பார்த்துவிடலாம். விடைக்குறிப்புக்கு எப்போதும் தனிக் கோப்புறை.

பதிவிறக்குவதைத் தடுக்க முடியுமா என்றும் கேட்கிறார்கள். டிரைவில் பார்வையாளர்களுக்குப் பதிவிறக்கம், அச்சு, நகல் மூன்றையும் நிறுத்தலாம். திரையைப் படம் எடுப்பதை யாராலும் தடுக்க முடியாது. பாடக் குறிப்பைப் பூட்டி வைப்பதில் எனக்கு உடன்பாடும் இல்லை. இணையம் இல்லாத நேரத்தில் படிக்க முடியாத குறிப்பு மாணவருக்குப் பாதிதான் உதவும்.

மதிப்பெண் பட்டியலை எக்செல் கோப்பாக வகுப்பில் போடலாமா?

கூடாது. ஒருவரின் மதிப்பெண் அவருக்கு மட்டும் தெரிய வேண்டியது. எல்லாத் தளத்திலும் மதிப்பெண் ஏடு இருக்கிறது. அதில் பதிந்தால் ஒவ்வொருவரும் தன்னுடையதை மட்டும் பார்ப்பார்.

பட்டியலை அப்படியே ஏற்றவில்லை என்றாலும் வேறு வழியில் கசியலாம். எக்செல்லில் மறைத்த தாளையும் வரிசையையும் யார் வேண்டுமானாலும் இரண்டு சொடுக்கில் வெளிக்கொண்டு வரலாம். வேர்டில் திருத்தக் குறிப்புகளும் பக்கவாட்டுக் கருத்துகளும் கோப்போடு சேர்ந்தே போகும். போனில் எடுத்த படத்தில் எடுத்த இடம் பதிந்திருக்கக்கூடும். வெளியே போகும் எதையும், தேவையான பகுதியை மட்டும் புதிய கோப்பில் நகலெடுத்து, பிடிஎஃப் ஆக்கிக் கொடுப்பது பாதுகாப்பு.

இணையத்தில் கிடைத்த பாடக்குறிப்பை ஏற்றலாமா?

இலவசமாகப் படிக்கக் கிடைப்பது வேறு, பகிர உரிமை கிடைப்பது வேறு. சந்தேகம் இருந்தால் நகலெடுத்து ஏற்றாமல், மூலப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுங்கள்.

ஆக்கியவரே சில நிபந்தனைகளோடு பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் உள்ளவை தனி. அந்த உரிமங்கள் 2002 டிசம்பரில் முதலில் வெளிவந்தன. இன்று ஆறு வகை புழக்கத்தில் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பொது விதி, ஆக்கியவர் பெயரைச் சொல்ல வேண்டும். அதற்கு மேல் வணிகத்துக்குக் கூடாது, மாற்றிப் பகிரக் கூடாது, மாற்றினால் அதே உரிமத்தில் பகிர வேண்டும் என்ற நிபந்தனைகள் உரிமத்துக்கு உரிமம் மாறும். நமக்கு முக்கியமான ஓர் இடம் இங்கே இருக்கிறது. மொழிபெயர்ப்பும் மாற்றம்தான். ‘மாற்றிப் பகிரக் கூடாது’ என்ற உரிமம் உள்ள ஆங்கிலக் குறிப்பைத் தமிழாக்கி வகுப்பில் வெளியிட, எழுதியவரின் அனுமதி வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகமான எம்ஐடியின் திறந்த பாடப் பொருள்களில் பெரும்பாலானவை வணிகமல்லாத, அதே உரிமத்தில் பகிரும் வகையில் வருகின்றன. பெயர் சொல்லி, அதே உரிமத்தில், இலவசமாகத் தமிழாக்கித் தரலாம். தமிழ் மாணவருக்கு இப்படிச் செய்ய வேண்டிய வேலை மலையளவு கிடக்கிறது. செய்கிறவர்கள் தயவுசெய்து உரிமத்தைக் கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள், அடுத்த ஆசிரியர் தயங்காமல் எடுத்துப் பயன்படுத்துவார்.

தெரியாமல் அழித்துவிட்டேன். திரும்பக் கிடைக்குமா?

உடனே பார்த்தால் கிடைக்கும். டிரைவில் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும். மூடுலில் வகுப்புக்கென்று மறுசுழற்சித் தொட்டி உண்டு. தள நிர்வாகி மாற்றாமல் விட்டிருந்தால் 7 நாள் வைத்திருக்கும். ஆனால் அது முழு வளத்தையோ செயல்பாட்டையோ அழித்தால்தான். ஒரு கோப்புறைக்குள் இருந்த தனிக் கோப்பை நீக்கிச் சேமித்துவிட்டால் தொட்டியில் வராது. அதற்கு உங்கள் சொந்தப் பிரதிதான் கை கொடுக்கும். தளம் உங்கள் கோப்புகளைக் காட்டும் இடம், காப்பிடம் என்று நினைத்துவிடாதீர்கள். மூலக் கோப்பு உங்கள் கணினியிலும் இன்னோர் இடத்திலும் இருக்க வேண்டும்.

பருவம் முடிந்துவிட்டது. வகுப்பை என்ன செய்வது?

மூடுலில் வகுப்பை முழுதாகக் காப்பெடுத்தால், எம்பிஇசட் என்று முடியும் ஒரே கோப்பாகக் கிடைக்கும். எடுக்கும்போது ‘சேர்ந்த பயனர்களையும் சேர்க்கவா’ என்ற கேள்வியைக் கவனியுங்கள். அடுத்த பருவத்துக்கான பாடம் மட்டும் வேண்டுமென்றால் பயனர்களை நீக்கிவிட்டு எடுங்கள். மாணவர்களின் விடைகளும் மதிப்பெண்களும் உங்கள் பென்டிரைவில் சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அதே தளத்தில் புதிய வகுப்புக்குக் கொண்டுபோக, காப்பெடுக்காமல் ‘இறக்குமதி’ செய்தாலே போதும், பாடம் மட்டும் வரும். கிளாஸ்ரூமில் வகுப்பைக் காப்பகத்தில் போடுங்கள். மாணவர்கள் பழைய பாடத்தைப் பார்க்கலாம், புதிதாக எதுவும் சேர்க்க முடியாது.

நான் பணி மாறுகிறேன். என் டிரைவில் உள்ள வகுப்புக் கோப்புகள் என்ன ஆகும்?

உங்கள் நிறுவனக் கணக்கு நீக்கப்படும்போது, யாருக்கும் மாற்றித் தரப்படாத கோப்புகளும் அதனோடு போய்விடும். வகுப்பில் இணைப்புகள் அப்படியே இருக்கும், திறந்தால் ஒன்றும் இருக்காது. பாதி பருவத்தில் இது நடந்தால் பாதிக்கப்படுவது மாணவர்கள்.

நிறுவனத்தில் பகிர்ந்த டிரைவ் வசதி இருந்தால் பாடக் கோப்புகளை முதல் நாளிலிருந்தே அங்கே வையுங்கள். அங்கே கோப்பின் உரிமையாளர் நிறுவனம். ஆசிரியர் மாறினாலும் கோப்பு இருக்கும். இதுவரை சொந்த டிரைவில் வைத்திருந்தால், போவதற்கு முன் உரிமையை மாற்றிக் கொடுங்கள். கூடவே ஒரு பக்கத்தில் எந்த அலகின் கோப்பு எங்கே இருக்கிறது, எது பாதியில் நிற்கிறது, எந்தப் பயிற்சித்தாளில் பிழை கண்டுபிடித்தும் இன்னும் திருத்தவில்லை என்று எழுதி வைத்துவிட்டுப் போங்கள். அந்தப் பக்கத்துக்கு ‘00_முதலில் இதைப் படிக்கவும்’ என்று பெயர் வைத்தால் பட்டியலில் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும்.